பரோக் லூட்டில் முதல் மெதுவான உருப்படி: கீ, டெம்போ, பாவம் எந்த வரிசையில்?

கிதார் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. பரோக் லூட்டை, அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தந்திக் கருவியை, தொட்டுப் பார்க்க ஆசை. ஒரு மெதுவான உருப்படியை எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன கீ, எந்த வேகம், என்ன மனநிலை என்று விழிக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் இதே இடத்தில் ஏழு மாதம் தொலைத்தேன். அதில் ஐந்து மாதம் வரிசை தெரியாததால் போனது. முதலில் "இது சோகமான உருப்படி" என்று முடிவு கட்டினேன், அதனால் மெதுவாக வாசித்தேன், கீயைக் கடைசியில்தான் பார்த்தேன். தலைகீழாகப் போக வேண்டும்: கீ (ஆதார ஸ்வரமும் அது மேஜரா மைனரா என்பதும்), பிறகு டெம்போ (வேகம்), பாவம் (மனநிலை) கடைசி.

உதாரணத்துக்கு நான் மாட்டிக்கொண்ட உருப்படியையே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் லூட் கலைஞர் சில்வியஸ் லியோபோல்ட் வைஸ், பிராகாவைச் சேர்ந்த லோஜி பிரபு 1721-இல் இறந்தபோது எழுதிய அஞ்சலி. பிரெஞ்சில் இந்த வகைக்கு 'தோம்போ' என்று பெயர். கல்லறை என்று பொருள். கீ பி-ஃபிளாட் மைனர். முதல் உருப்படியாக இதை எடுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் எடுப்பவர்கள் எடுக்கத்தான் செய்வார்கள், நானும் எடுத்தேன். இதில் வரும் சிக்கல்கள் எல்லா பரோக் லூட் உருப்படிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இதில் மொத்தமாக வருகின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை 13 கோர்ஸ் பரோக் லூட். கோர்ஸ் என்றால் சேர்ந்து மீட்டும் தந்தி ஜோடி. சுருதியில் மேலே உள்ள இரண்டு மட்டும் ஒற்றைத் தந்தி, மற்ற பதினொன்றும் இரட்டை, ஆக மொத்தம் 24 தந்திகள். புதிதாகச் செய்யச் சொன்னால் பெரும்பாலும் 5,000 யூரோவைத் தாண்டும், பெயர் பெற்ற கைவினைஞர் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். பிரிட்டனின் லூட் சங்கமும் அமெரிக்காவின் லூட் சங்கமும் உறுப்பினர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கின்றன. 13 கோர்ஸ் கருவிகள் எண்ணிக்கையில் குறைவு, எனவே உறுப்பினரான அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: அறுந்த தந்தி யார் கணக்கு? நான் எடுத்த இடத்தில் அது என் கணக்கு. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன். 24 தந்தியையும் மாற்றினால் 100 யூரோவுக்கு மேல் போகும்.

அடுத்தது ஏடு. வைஸ் எழுதியது ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷனில் அல்ல, பிரெஞ்சு டாப்லேச்சரில், அதாவது எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று எழுத்துகளால் காட்டும் முறையில். இந்த அஞ்சலி இருக்கும் கையெழுத்துப் பிரதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் 30387 என்ற எண்ணில் இருக்கிறது. அச்சுப் பதிப்பும் உண்டு, லூட் ஆர்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த டாப்லேச்சர்கள் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆரம்பத்துக்கு இலவசமே போதும். ஆனால் "கிதாருக்கு மாற்றியது" என்று போட்டிருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அதில் கீயை மாற்றியிருப்பார்கள், பேஸை (கீழ் ஸ்வரங்களை) ஒரு ஸ்தாயி தூக்கியிருப்பார்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது எதுவும் அதில் தெரியாது.

டாப்லேச்சர் எழுத்துகளைக் கண் பழக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆறு கோடுகள், ஆறு கோர்ஸ்கள். 'ஏ' என்றால் எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாத ஓப்பன் தந்தி, 'பி' முதல் ஃப்ரெட், 'சி' இரண்டாவது. இந்த 'சி' பழைய கையெழுத்தில் 'ஆர்' மாதிரியே இருக்கும், குழம்ப வேண்டாம். ஏழாவது கோர்ஸிலிருந்து கோட்டுக்குக் கீழே எழுதுவார்கள்: ஏழாவதுக்கு வெறும் 'ஏ', எட்டுக்கு ஒரு சாய்கோட்டோடு 'ஏ', ஒன்பதுக்கு இரண்டு, பத்துக்கு மூன்று, அதன் பிறகு 4, 5, 6 என்ற எண்கள். ஆக '5' என்று எழுதியிருந்தால் அது பன்னிரண்டாவது கோர்ஸ்.

2. சுருதி மீட்டரை 415-க்கு மாற்றுங்கள்

தொலைபேசியில் உள்ள ட்யூனர் செயலி, ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் நிற்கும். லூட்காரர்கள் பெரும்பாலும் 415-இல் சேர்ப்பார்கள், அதாவது அரைக் கட்டை கீழே. இதை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றாமல் விட்டால் மேல் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். எனக்கு முதல் வாரத்தில் இரண்டு தடவை அடித்தது.

இன்னொரு விஷயம், பின்னால் பயன்படும். 415-இல் சேர்த்த பி-ஃபிளாட்டும் 440-இல் சேர்த்த ஏ-யும் காதுக்கு ஒரே உயரம். நம் கணக்கில், அவர்கள் ஆறரைக் கட்டை என்று சொல்வது நம் ஹார்மோனியத்தில் ஆறு கட்டையில் ஒலிக்கும்.

3. கீ ஏட்டில் எழுதியிருக்காது

ஸ்டாஃப் நோட்டேஷனில் வரியின் தொடக்கத்தில் ஷார்ப், ஃபிளாட் போட்டுக் கீயைச் சொல்லிவிடுவார்கள். டாப்லேச்சரில் அந்த வசதி இல்லை. எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று மட்டும்தான் அது சொல்லும். மேல் ஆறு கோர்ஸ்களில் இதனால் பிரச்சினை வராது. அவற்றின் சுருதி மாறாது: மேலிருந்து எஃப், டி, ஏ, எஃப், டி, ஏ. சேர்த்து மீட்டினால் அப்படியே டி மைனர் கார்ட்.

சிக்கல் கீழ் ஏழில். ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ என்று இறங்கும் அந்த ஏழு கோர்ஸ்களில் இடது கை பெரும்பாலும் படாது. ஓப்பனாகவே மீட்டுவது. எனவே உருப்படியின் கீக்கு ஏற்ப அவற்றை முன்கூட்டியே ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்ள வேண்டும். ஏட்டில் மூன்று சாய்கோட்டோடு 'ஏ' இருந்தால் பத்தாவது கோர்ஸை மீட்டு என்று பொருள். அது டி-யா டி-ஃபிளாட்டா என்பது உங்கள் முறுக்காணியில் இருக்கிறது.

இங்கேதான் நான் விழுந்தேன். இரண்டு வாரம் பத்தாவது கோர்ஸை டி-யிலேயே வைத்து வாசித்தேன். மேலே டி-ஃபிளாட், கீழே டி. ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைந்தது. ஆகா, மரண அஞ்சலி அல்லவா, என்ன ஒரு வலி என்று உருகிப்போய் வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒரு லூட் வாசிப்பவர் நான்கு பார் கேட்டுவிட்டு, "அந்த பேஸைக் கொஞ்சம் சுருதி பாருங்களேன்" என்றார்.

கீயைக் கண்டுபிடிக்க மூன்று வழிகளை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் தலைப்பையோ பட்டியலையோ பாருங்கள், வைஸின் உருப்படிகளுக்குக் கீயோடு பட்டியல் இருக்கிறது. இரண்டாவது, மேல் ஆறு கோர்ஸ்களில் அடிக்கடி வரும் ஸ்வரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நான்காவது கோர்ஸில் 'பி' திரும்பத் திரும்ப வந்தால் அது ஜி-ஃபிளாட், எனவே ஏழாவது கோர்ஸும் ஜி-ஃபிளாட்டாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். மூன்றாவது, கடைசிக் கார்ட்.

கடைசிக் கார்டை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெயரில் லூட்டுக்கென்று ஒரு சின்னப் பிரெலூட் இருக்கிறது, அவர் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 999, மொத்தம் 43 பார் (தாளச் சுற்று). கிதார்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அது சி மைனரில் தொடங்கி ஜி மேஜரில் போய் நின்றுவிடும். கடைசிக் கார்டை வைத்துப் பெயரிட்டால் முழுக்கத் தப்பு.

4. பத்துத் தந்திகளை இறக்குவது

பி-ஃபிளாட் மைனருக்குக் கீழ் ஏழு கோர்ஸ்களும் இப்படி நிற்க வேண்டும்: ஜி-ஃபிளாட், எஃப், ஈ-ஃபிளாட், டி-ஃபிளாட், சி, பி-ஃபிளாட், ஏ-ஃபிளாட். சாதாரண நிலையிலிருந்து வந்தால் எட்டாவதும் பதினொன்றாவதும் அப்படியே இருக்கும், மற்ற ஐந்தும் அரைக் கட்டை இறங்கும். ஐந்து ஜோடி, பத்துத் தந்தி.

முதல் தடவை எனக்கு 50 நிமிடம் ஆயிற்று, இப்போது 15. தந்தியை இறக்கினால் அது இறக்கிய இடத்தில் நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். எனவே வேண்டிய சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே கொண்டுபோய், அங்கிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். இரவு படுக்கும் முன் இறக்கிவிட்டு, காலையில் வாசிப்பதுதான் உத்தமம். கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரே கீயில் வாசியுங்கள். திங்கள் டி மைனர், செவ்வாய் ஏ மேஜர் என்று தாவினால் வாரம் முழுக்க முறுக்காணியோடுதான் போகும். எண்பது வயது வரை வாழ்ந்த லூட்காரர் அறுபது வருடத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மன் இசை எழுத்தாளர் மாத்தேசோன் 1713-லேயே நக்கலடித்திருக்கிறார். லூட்காரர்களுக்கு இன்றும் அவர்மேல் கோபம்.

5. ஓப்பன் தந்திகளை எண்ணுங்கள்

இதுதான் என் பார்வையில் முக்கியமான படி. எந்த வழிகாட்டியிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டி மைனரில் வாசிக்கும்போது மேல் ஆறு கோர்ஸும் ஓப்பனாகவே கீக்குள் இருக்கின்றன. ஒரு தந்தியை மீட்டினால் மீதி ஐந்தும் கூடவே மெல்ல அதிரும். வீணையில் பக்கத்தில் இருக்கும் தாளத் தந்திகள் தொடாமலேயே முனகுமே, அந்த மாதிரி. கருவி திறந்து பேசும்.

இப்போது பி-ஃபிளாட் மைனர். ஆறு ஓப்பன் தந்திகளில் இரண்டு எஃப் மட்டும்தான் முழுசாக உதவும். இரண்டு ஏ-யும் பி-ஃபிளாட்டுக்கு ஏறும் இடங்களில் மட்டும் பயன்படும். இரண்டு டி-க்கும் கிட்டத்தட்ட வேலையே இல்லை. இந்தக் கீயின் மைனர் குணத்தைக் காட்டும் ஸ்வரம் டி-ஃபிளாட். இரண்டாவது கோர்ஸ் ஓப்பனாக டி என்பதால், அதற்கு அரைக் கட்டை கீழே உள்ள டி-ஃபிளாட் அந்தத் தந்தியில் கிடைக்காது. மூன்றாவது கோர்ஸின் நான்காவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனதும் அதே கோர்ஸின் முதல் ஃப்ரெட்டில் வசதியாக இருந்த பி-ஃபிளாட் கையை விட்டுப் போய்விடும். அதை நான்காவது கோர்ஸின் ஐந்தாவது ஃப்ரெட்டில் தேட வேண்டும். ஆக கீயின் ஆதாரமான ஒரு சாதாரண டோனிக் கார்டுக்கே இடது கை இவ்வளவு அலைகிறது. தந்திகள் அழுத்தப்பட்டே ஒலிக்கின்றன, கூட அதிர்பவை குறைவு, ஓசை மூடிக்கொள்கிறது.

வாய்விட்டு அழாமல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போன்ற ஒலி. வைஸ் வாசிக்கக் கடினமான இந்தக் கீயை ஏன் எடுத்தார் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. உங்கள் உருப்படி எதுவானாலும் ஒரு தாளில் ஆறு தந்திகளையும் எழுதி, கீக்குள் இருப்பவற்றை வட்டமிடுங்கள். பத்து நிமிட வேலை. ஆறு வட்டமா, இரண்டு வட்டமா என்பதிலேயே பாதி பாவம் தெரிந்துவிடும்.

6. டெம்போ: சாப்பிட்ட பிறகு நாடி பிடியுங்கள்

ஏட்டில் மெட்ரோனோம் எண் இருக்காது. மெட்ரோனோமுக்கு மெல்ட்சல் காப்புரிமை வாங்கியதே 1815-இல்தான். ஆனால் அந்தக் காலத்து ஆள் ஒருவர் கணக்கு விட்டுப் போயிருக்கிறார். குவான்ட்ஸ், புல்லாங்குழல்காரர், டிரெஸ்டன் அரசவையில் வைஸோடு இருந்தவர். 1752-இல் வெளியான தன் பாடநூலில், மதியம் சாப்பிட்ட பிறகு ஆரோக்கியமான ஒருவரின் நாடித் துடிப்பை அளவாக வைக்கச் சொல்கிறார்: நிமிடத்துக்குச் சுமார் 80.

நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் அவர் கணக்கு இது. பாடும் தன்மையுள்ள அடாஜியோ (மெதுவான நடை) என்றால் ஒரு எயித் நோட்டுக்கு (அரை எண்ணிக்கைக்கு) ஒரு துடிப்பு. மிக மெதுவான அடாஜியோ என்றால் ஒரு எயித் நோட்டுக்கு இரண்டு துடிப்பு. ஒரு பாரில் எட்டு எயித் நோட். எனவே முதலாவதில் ஒரு பார் 6 விநாடி, இரண்டாவதில் 12 விநாடி. உங்கள் வேகம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மெட்ரோனோமை எயித் நோட்டுக்கு 40 முதல் 80-க்குள் வையுங்கள். குவார்ட்டர் நோட்டுக்கு வைத்தால் 20, 30 என்று போகும், பாதிச் செயலிகள் அவ்வளவு இறங்காது, இறங்கினாலும் உங்களால் அதைப் பிடிக்க முடியாது.

நடன உருப்படி என்றால் இன்னும் சுலபம். அவர் கணக்கில் சரபாந்துக்குக் குவார்ட்டர் நோட் ஒன்றுக்கு ஒரு துடிப்பு, மினுவெட்டுக்கு இரண்டு குவார்ட்டர் நோட்டுக்கு ஒரு துடிப்பு, பூரேவுக்குப் பார் ஒன்றுக்கு ஒரு துடிப்பு.

குவான்ட்ஸ் ஊதுகிறவர். ஊதும் ஸ்வரம் மூச்சு உள்ளவரை நிற்கும், மீட்டும் ஸ்வரம் மீட்டிய கணத்திலிருந்தே தேயும். அதனால் அவர் சொன்னதற்கு மேலே லூட்டின் கணக்கு ஒன்று வேண்டும். முதல் கோர்ஸை ஓப்பனாக மீட்டி, கடிகாரத்தைப் பாருங்கள். எதுவரை அது உண்மையாகவே பாடுகிறது? எப்போது வெறும் நினைவாகிறது? என் வாடகை லூட்டில் அது மூன்று விநாடியைத் தாண்டவில்லை. ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் இன்னும் குறைவு. மெலடியில் நீளமான ஸ்வரம் ஒன்று அதற்குள் அடுத்ததைத் தொட வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் எயித் நோட் 60-க்குப் பக்கத்தில், பாருக்கு 8 விநாடியில் நின்றேன்.

அதற்கு முன்னால் 42-இல் வாசித்துக்கொண்டிருந்தேன், சோகம் என்றால் மெதுவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில். பதிவு செய்து கேட்டால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம். மூன்று நாளுக்கு ஒரு முறை உங்களைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கை நிரப்புவதாக நினைக்கும் பள்ளங்களை மறுநாள் காது காட்டிக்கொடுக்கும்.

7. பேஸை நிறுத்துவது

டாப்லேச்சர் ஒரு ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்று சொல்லும், எப்போது முடிகிறது என்று சொல்லாது. மேல் தந்திகளுக்குப் பரவாயில்லை, தானாகவே அடங்கும். கீழ்த் தந்திகள் அடங்காது, அதிலும் உலோகம் சுற்றிய நவீன பேஸ் தந்தி மணி மாதிரி நீளும். கார்ட் மாறிய பிறகும் பழைய பேஸ் ஒலித்தால் கீயே கலங்கிவிடும். அடுத்த பேஸை மீட்டியதும் கட்டைவிரலை முந்தைய கோர்ஸின் மேல் வைத்து அணையுங்கள். ஐந்திலிருந்து ஆறு வாரம் ஆகும் கை பழக. நான் தினமும் பத்து நிமிடம் கட்டைவிரலை மட்டும் வைத்து, மெலடி இல்லாமல், பேஸ் வரியை வாசித்தேன். கூட இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

8. பாவம்: அகராதியை இப்போது திறக்கலாம்

எந்தக் கீக்கு என்ன மனநிலை என்ற பட்டியல்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்பாந்தியே 1690-களில் எழுதியதில் பி-ஃபிளாட் மைனர் 'இருண்டது, அச்சம் தருவது'. டி மைனர் 'கம்பீரமும் பக்தியும் உள்ளது'. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஈ மேஜர் அவருக்குச் சண்டைக்காரத்தனமானது, கீச்சென்று கத்துவது. மாத்தேசோனுக்கு அதே ஈ மேஜர் நம்பிக்கையிழந்த துயரம். இரண்டு பேரும் பெரிய ஆட்கள், யாரை நம்புவீர்கள்? இவற்றை அவரவர் காதின் குறிப்பேடாகப் படியுங்கள். நம் ராகத்துக்கு ரசம் சொல்கிற மாதிரி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பொறி. ராகம் எந்தக் கட்டையில் பாடினாலும் அதே ராகம். இங்கே மைனர் என்ற அமைப்பு ஒன்றேதான், கட்டை மாறும்போது தந்திகள் திறப்பதும் மூடுவதும்தான் மாறுகிறது.

சமமில்லாத சுருதிப் பங்கீட்டால் (அரைக் கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாததால்) கீக்குக் கீ நிறம் மாறும் என்ற விளக்கமும் கண்ணில் படும். அது பெரும்பாலும் கீபோர்ட் கருவிகளுக்கான கதை. லூட்டில் ஒரு ஃப்ரெட் எல்லாத் தந்திகளையும் குறுக்கே கடக்கிறது. கட்டியிருக்கும் ஃப்ரெட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஒரு தந்திக்கு மட்டும் தனியாக நகர்த்த முடியாது.

எனவே பாவத்துக்கு உங்களிடம் இருக்கும் நம்பகமான சாட்சிகள் மூன்று: தலைப்பு, ஐந்தாவது படியில் போட்ட வட்டங்கள், ஆறாவது படியில் கிடைத்த எண். லோஜி பிரபு தானே லூட் வாசித்தவர், வைஸுக்கு மூத்தவர். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்கு எழுதியது. இதை மனதில் வைத்தால் கதறலைவிட மரியாதை முன்னால் நிற்கும். நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி வாசிக்கலாம்.

9. லூட் இல்லாமல் கிதாரில் மட்டும் வாசிப்பவர்களுக்கு

ஏ மைனருக்கு மாற்றிய பதிப்பு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். இரண்டாவது படியில் சொன்ன கணக்குப்படி, 440-இல் ஏ மைனர் வாசித்தால் 415-இல் பி-ஃபிளாட் மைனர் ஒலிக்கும் அதே உயரத்தில்தான் ஒலிக்கும். "அசல் கீ கெட்டுப்போனதே" என்று முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு வீண். கெட்டுப்போவது வேறொன்று. கிதாரில் ஏ மைனருக்கு ஆறு ஓப்பன் தந்தியும் திறந்து பேசும், வைஸ் மூடி வைத்த ஓசை தாராளமாகிவிடும். அதனால் கிதாரில் ஓப்பன் தந்தி கிடைக்கும் இடத்திலும் பாதி இடங்களில் அழுத்திய ஸ்வரத்தையே தேர்ந்தெடுங்கள், ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனாலும் பரவாயில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், கிதார் கொஞ்சம் கூடுதல் நேரம் பாடும்.

10. திருப்பி ஏற்றும்போது

இந்த உருப்படி முடிந்து அடுத்தது டி மைனர் என்றால் ஐந்து ஜோடியில் நான்கைத்தான் ஏற்ற வேண்டும். பி-ஃபிளாட் அங்கேயும் பி-ஃபிளாட்தான். அடுத்தது ஏ மேஜர் என்றால் ஜி-யும் எஃப்-பும் சி-யும் ஷார்ப்புக்குப் போக வேண்டும், அதாவது ஏழாவது கோர்ஸ் ஜி-ஃபிளாட்டிலிருந்து ஜி-ஷார்ப்புக்கு ஒரு முழுக் கட்டை ஏறும். ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். இன்று அரைக் கட்டை, நாளை அரைக் கட்டை. வாடகை லூட் என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து வையுங்கள். கடைசி நாள் காலையில் அவசரமாக ஏற்றி, ஒன்பதாவது கோர்ஸில் ஒரு தந்தியை அறுத்துவிட்டு, ஊரெல்லாம் அதே தடிமனில் தந்தி தேடி அலைந்தவன் சொல்கிறேன்.